ஆளில்லாத தண்ணீர்

நிலக்கரியை எரித்தே வளர்ந்த கம்பெனி எங்களுடையது. இருபது வருடமாக நான் சாப்பிட்டதும் அந்தச் சோறுதான். தண்ணீரில் மிதக்கும் சோலார் தகடுகள் போடலாம் என்று நான் சொன்னபோது மேலிடத்தில் சிரித்தார்கள். மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காவது முறையும் போய் நின்றேன். தொல்லை தாங்காமல் இடம் பார்த்து வரச் சொன்னார்கள்.

தோணிரேவு கிராமத்துக்கு அப்பால், கடலோர ஏரியில் இடுப்பளவு ஆழமுள்ள ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு வாரம் கரையில் நின்று பார்த்தேன். படகும் வரவில்லை, வலையும் விழவில்லை. அங்கங்கே சில தலைகள் தெரிந்தன. குளிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வரைபடத்தில் ‘ஆளில்லாத தண்ணீர்’ என்று எழுதினேன்.

எல்லைக்கு மூங்கில் நடப் போன அன்று, அந்தத் தலைகளில் ஒன்று என்னை நோக்கி வந்தது. ஒரு பெண், கழுத்துவரை தண்ணீரில் அமிழ்ந்து தவழ்ந்து வந்தார். ஓலைக்கூடையான பறியின் கயிற்றைப் பல்லில் கவ்வியிருந்தார். இரண்டு கைகளும் சேற்றில் இறாலைத் தேடிக்கொண்டிருந்தன. கயிற்றை வாயிலிருந்து எடுத்தார்.

“இன்னா சார், இங்க மூங்கில் நடுற?”

சொன்னேன்.

“தகடு போட்டா நாங்க எங்க போயி இறால் தடவுறது? படகு வச்சிருக்கிறவங்க ஆழத்துக்குப் போவாங்க. எங்களுக்கு இத வுட்டா வேற எடம் இல்ல.”

“வெயில்ல கரண்டு எடுக்கிறது எல்லாருக்கும் நல்லதும்மா.”

“நல்லதுன்னா உங்க தண்ணியில போடு சார். உங்க கம்பெனியில தண்ணியே இல்லியா?”

சுருக்கென்றது. கோபத்தோடுதான் கரையேறினேன். பாதி வழியில் அந்தக் கோபம் என் மேலேயே திரும்பியது. எங்களிடம் தண்ணீர் இருந்தது. நிலக்கரிச் சாம்பலைக் கரைத்துவிடும் குளம், ஜீப் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தினமும் நான் கடந்துபோன குளம். அதில் நிஜமாகவே ஆளில்லை. தகடுகளை அங்கே போடலாம் என்று மேலிடத்தில் போய்ச் சொன்னேன்.

“சாம்பல் சேற்றில் நங்கூரம் நிற்காது. ஏரி இல்லையென்றால் திட்டமும் இல்லை” என்றார் மேலதிகாரி.

“கரையிலிருந்து கயிற்றால் கட்டுவோம் சார். ஏரிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். இரண்டு மழைக்காலம் இழுத்தடித்தார்கள். கட்டிய கயிறு இரண்டு முறை அறுந்தது, மூன்றாம் முறை நின்றது. சாம்பல் குளத்தின் வெயிலில் எங்கள் அலுவலக விளக்கு எரிந்த மறுநாள், அந்தப் பெண்ணைத் தேடி ஏரிக்குப் போனேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று விஷயத்தைச் சொன்னேன்.

அவர் வாயிலிருந்த கயிற்றை எடுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, ஆளில்லை என்று நான் எழுதிய இடத்துக்குள் தவழ்ந்து போனார்.