அம்மாவுக்கு இரண்டு ரிங்

ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மா வீட்டில் ஒரு பெரிய படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தோம். ஆளுக்கு இரண்டு முனை. அம்மா சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் விரிப்பு மடித்தவள். என் பக்கம் எப்போதும் அரை அங்குலம் பிசகும்.

"அளவுக் கருவி சரிபார்க்கிற உத்தியோகம். கை மட்டும் கோணல்" என்றாள்.

அவள் போன் இரண்டு முறை அடித்து நின்றது. தன் முனைகளையும் என் கையில் திணித்துவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

"இதை முடிச்சிட்டுப் போயேன்மா."

"துணி எங்கயும் ஓடிப் போகாது பாப்பா. அவ போயிடுவா."

செவ்வாய்க்கிழமை அம்மா வேலையிடத்தில் இதயம் நின்று இறந்துபோனாள். விரிப்பு இன்னும் நாற்காலியில் கிடக்கிறது.

இரண்டு ரிங் அவர்கள் குழுவின் வழக்கம். குடியை விட்ட பெண்கள், அம்மாவையும் சேர்த்துப் பதினாறு பேர். குடிக்கத் தோன்றினால் அம்மாவுக்கு இரண்டு ரிங் கொடுத்து வைத்துவிட வேண்டும். பேச வேண்டாம், பேசினால் குரல் நடிக்கும் என்பாள். போய் அறிவுரை சொல்ல மாட்டாள். அந்த வீட்டுத் துணியை இருவருமாக மடிப்பார்கள். "ஆசைக்கு ஆயுசு இருபது நிமிஷம். அதுவரைக்கும் கைக்கு வேலை இருந்தா போதும்."

அவளும் குடித்தவள்தான், என் பள்ளி நாட்கள் முழுக்க. பரிசளிப்பு விழாவுக்கு வருகிறேன் என்றவள் சமையலறைத் தரையில் கிடந்தாள். பதினொரு வருடத்துக்கு முன் விட்டாள். இனி எனக்குக் கிடைப்பாள் என்று நினைத்தேன். ஊருக்குக் கிடைத்தாள். பசியோடு காத்திருந்தவள் நான். பந்தியில் உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

போன வருடம் ஒரு நாள் என் வாடகை அறையிலிருந்து நானே இரண்டு ரிங் கொடுத்தேன்.

பதினெட்டு நிமிடத்தில் வந்தாள். காலில் வேறு வேறு செருப்பு. வாசலிலேயே என் வாயை முகர்ந்தாள்.

"எத்தனை நாளாடி?"

"நான் குடிக்கலம்மா."

"பின்ன எதுக்கு ரிங்கு?"

"அவங்களுக்கு ஓடுறியே, எனக்கு வருவியான்னு பார்த்தேன்."

அறைவாள் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு கொடியில் கிடந்த துணியை எல்லாம் உருவினாள். மடித்தோம். நாற்பத்தொரு நிமிடம் இருந்தாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

அம்மாவை எடுக்கும்போது குழுவின் தையல்காரி என்னைவிடச் சத்தமாக அழுதாள். "என்னைப் பெத்த தாயே" என்றாள். பெற்றது என்னை.

நேற்று அந்தத் தையல்காரியே ஒரு கோப்போடு வந்தாள். மருத்துவமனையில் குடிநோய்ப் பிரிவு காலை பத்து முதல் பன்னிரண்டு வரைதான். வேலைக்குப் போகிற பெண்கள் லீவு கேட்டால் காரணம் சொல்லியாக வேண்டும். மாலையிலும் திறக்கச் சொல்லி அம்மா மனு எழுதியிருந்தாள். வருகிற வியாழக்கிழமை அதைச் சுகாதார அதிகாரியிடம் கொடுக்க வேண்டும்.

"அக்கா மூணு மாசமா இதைத் தூக்கிட்டு அலைஞ்சாங்க. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கின்னாங்க. என்னன்னு சொல்லலை."

பிரித்தேன். பதினாறு கையெழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குடும்பத்தார் ஒருவரின் கையெழுத்து: கணவன், தங்கை, மருமகள். அம்மாவுக்கு எதிரே மட்டும் காலி. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்:

"பாப்பாகிட்ட கேக்கணும். திட்டுவா. துணி மடிக்கும்போது கேக்கணும்."