சுண்ணாம்பு சுட்ட புண் என்று நினைத்தோம்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினருக்கும், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னாலுள்ள எங்கள் குறுகிய ஒழுங்கையின் அயலவருக்கும் வணக்கம்.

இன்று அம்மாவின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாட் கிரியை. இப்படியான மலர்களில், 'சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து இறைவனடி சேர்ந்தார்' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். நான் அப்படி எழுதப்போவதில்லை. அம்மாவைக் கொண்டுபோனது வாயில் வந்த புற்றுநோய். அந்தச் சொல்லை அச்சில் போட்டால் வீட்டிலிருக்கும் குமருக்கு யார் வருவான் என்று பெரியவர்கள் சிலர் என்னைத் தடுத்தார்கள். குமர் என்றது என் தங்கையை. அவளையே கேட்டேன்.

"எழுதுங்கோ அண்ணை. உதைப் படிச்சுப்போட்டு வராத மாப்பிள்ளை வராமலே இருக்கட்டும்," என்றாள்.

அம்மா உடுப்பிட்டியில், பிறர் தோட்டத்தில் கூலிக்குத் தண்ணீர் இறைத்தவருடைய மூத்த மகளாகப் பிறந்தார். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியதோடு படிப்பு நின்றது. ஐயாவை மணந்து இந்த ஒழுங்கைக்கு வந்தார். ஐயா சுருட்டுக் கொட்டிலில் சுருட்டுச் சுற்றியவர். அவர் நெருப்புக் காய்ச்சலில் காலமானபோது தங்கை தவழ்ந்துகொண்டிருந்தாள். அதன்பின் கொட்டிலிலிருந்து புகையிலைக் கட்டுகளை வீட்டுக்கு எடுத்துவந்து, நடு நரம்பை உரித்து, இலையை விரித்து அடுக்கிக் கொடுத்து எங்களை வளர்த்தார். அவருடைய விரல்கள் எப்போதும் பழுப்பாகவே இருக்கும். சோறு பிசைந்து தரும்போது அந்தக் காரமும் சேர்ந்துதான் எங்கள் வாய்க்கு வந்தது.

அவருடைய வாய்த்துடுக்கை அயலவர் மறந்திருக்க மாட்டீர்கள். கொட்டிலில் எல்லோருடைய கைகளும் வேலையில் இருப்பதால், ஒருவர் பத்திரிகை வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டு சுற்றுவது வழக்கம். நான் வளர்ந்ததும் வாசிக்கும் வேலை எனக்கு வந்தது. அந்தப் பெருமையில் அம்மாவுக்குத் தலைகால் தெரியாது. ஆனாலும் கட்டு எடுக்கக் கொட்டிலுக்கு வந்தால் நக்கலை விடமாட்டார். "ஜேர்மன்காரன் எந்த ஊரிலை நிக்கிறான் எண்டு என்ரை பொடியனைக் கேளுங்கோ, சொல்லுவான். கூப்பன் அரிசி எப்ப வரும் எண்டு கேட்டால் முழுசுவான்," என்பார்.

அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த யுத்த காலத்தில், வீட்டில் இருந்ததை எங்களுக்குப் போட்டுவிட்டு, ஒரு துண்டுப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வேலைக்கு உட்காருவார். பசி தெரியாது என்பார். எங்கள் ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். தெருவுக்கு அந்தப் பக்கமுள்ள கல்வீடுகளிலும் வெற்றிலை போடுகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர்கள் சாப்பிட்ட பிறகு போடுகிறார்கள். நாங்கள் சாப்பாட்டுக்குப் பதிலாகப் போடுகிறோம்.

சென்ற ஆண்டு மாசி மாதம் அம்மாவின் இடது கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு தழும்பு தெரிந்தது. "சுண்ணாம்பு சுட்டுப்போட்டுது," என்றார். இந்த ஒழுங்கையில் சுண்ணாம்பு சுடாத வாய் ஏது? நல்லெண்ணெய் கொப்பளித்தார். வலி கூடியபோது, பல்வலிக்கு நாங்கள் செய்வதையே செய்தார். புகையிலையை அதே இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். அந்த இடம் விறைத்து, வலி அடங்கியது. மருந்து வேலை செய்கிறது என்று எல்லோரும் நம்பினோம். கட்டு அவிழ்க்கும்போது நல்ல இலையாகத் தெரிந்தெடுத்துக் கொடுத்தவன் நானே.

கன்னம் வீங்கிக் கஞ்சியும் இறங்காமல் போன பிறகுதான் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வைத்தியர் வாயைப் பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்தார். "புகையிலை அடக்கிற வாயிலை வாற புற்றுநோய் இது. இனி வெட்டவும் ஏலாது, கொழும்புக்கு அனுப்பியும் பிரயோசனம் இல்லை. இவ்வளவு நாளும் எங்கை இருந்தனீங்கள்?" என்றார். நாங்கள் எங்கே இருந்தோம்? பஸ்ஸில் ஏறினால் வந்துவிடும் தூரத்தில்தான் இருந்தோம். கடைசி நாட்களில் அம்மாவால் பேச முடியவில்லை. அந்த வாய் ஊமையாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் எங்களால் தாங்க முடியாமல் போனது.

இவ்வளவும் துக்கம். இனி எழுதப்போவது வேறு.

எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவுக்கு முதல்நாள் துக்கம் விசாரிக்கக் கொட்டில் முதலாளியின் மனைவியார் வந்தார். அம்மாவுக்கு என்ன நோய் வந்தது என்று கேட்டார். சொன்னேன். தன் கன்னத்தைத் தடவினார். அந்தக் கன்னம் சற்றுக் குழிவிழுந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"எனக்கும் உதுதான் தம்பி வந்தது. போன வருசம் மாசியிலைதான். கொழும்பிலை வெட்டி, ரேடியம் எண்டு ஒண்டு வைச்சுச் சுகமாக்கினவை," என்றார்.

"நீங்கள் மூத்த மகளின்ரை பிள்ளைப்பேறுக்கு எண்டெல்லோ கொழும்புக்குப் போனனீங்கள்?"

"அப்பிடித்தான் சொன்னனாங்கள். சின்னவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தது. இந்த வருத்தம் எண்டு தெரிஞ்சால் ஆர் வருவினம்?"

ஒரே கொட்டிலின் புகையிலை, ஒரே மாதம், ஒரே புண். அவர் எழுந்து தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார். அம்மா சாம்பலாகிவிட்டார். எங்கள் ஒழுங்கையில் முன்னர் 'வாய்ப்புண்' என்றும் 'சாப்பாடு இறங்காமல்' என்றும் போனவர்களின் முகங்கள் அன்று முழுவதும் என் கண்ணில் வந்துகொண்டே இருந்தன. உலகச் செய்தியெல்லாம் உரத்து வாசித்தவன் நான். தெருவுக்கு அந்தப் பக்கத்துச் செய்தி என் காதுக்கு எட்டவில்லை.

மறுநாள் படையல். அம்மா விரும்பியதையெல்லாம் வாழையிலையில் வைத்துக்கொண்டு வந்த குஞ்சியம்மா, அதாவது அம்மாவின் ஒரே தங்கை, வெற்றிலையையும் புகையிலையையும் வைத்தார். எடுக்கச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கொம்மா உது இல்லாமல் ஒரு நாள் இருந்தவவோ? செத்த மனிசிக்கும் இல்லை எண்டு சொல்லுறியோ?"

முதலாளியின் மனைவியார் சொன்னதைச் சொன்னேன். வைத்தியர் சொன்னதையும் சொன்னேன். குஞ்சியம்மா இலையிலிருந்த புகையிலையை எடுத்தார். வெளியே போய், தன் கன்னத்தில் அடக்கியிருந்ததையும் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்தார்.

"அப்ப என்ரை வாயையும் ஒருக்காப் பார்," என்றார்.

வாசலில் வெயில் படும்படி நிறுத்திப் பார்த்தேன். அம்மாவுக்குத் தொடங்கிய அதே இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு இருந்தது.

"சுண்ணாம்பு சுட்டதெண்டுதான் நானும் நினைச்சனான்," என்றார்.

நன்றி சொல்லவேண்டியவர்கள் பலர். கடைசி வாரங்களில் முறை வைத்து அம்மாவின் புண்ணைக் கழுவிய ஒழுங்கைப் பெண்களுக்கும், பாடை கட்டிய கொட்டில் தோழர்களுக்கும், கிரியை செய்த குருக்களுக்கும், இம்மலரை அச்சிட்டவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முதலாளியின் மனைவியாருக்கு நன்றி எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் கொழும்பில் எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று எல்லாம் சொல்லித்தந்தவர் அவர். தம்மைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். "எழுது தம்பி, சின்னவளுக்குக் கலியாணம் முடிஞ்சுதுதானே," என்றார். அதையும் அப்படியே எழுதிவிட்டேன்.

கீரிமலைக் கடற்கரையில் காரியம் முடித்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டதும், அக்காவின் அந்தியேட்டி முடியாமல் வரமாட்டேன் என்று நின்ற குஞ்சியம்மாவை மாலை ரயிலில் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். பிந்தி வருபவர்களை வரவேற்க நான் வீட்டில் நிற்கமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாசலில் வெற்றிலைத் தட்டமும் இருக்காது. அந்த இடத்தில் தங்கை ஒரு முகக்கண்ணாடியை வைத்திருப்பாள். வெளிச்சத்துப் பக்கமாக நின்று, வாயைத் திறந்து பார்த்துவிட்டுப் போங்கள்.