காமாக்ஷியின் ஏழு பத்திகள்

தொண்ணூற்றிரண்டு சதவீதம். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். கொச்சங்காடி காமாக்ஷி எவ்வளவு பெரிய திருடி என்று 2006இல் ஒரு கணினி அளந்து சொன்ன கணக்கு இது.

அவளுடைய அப்பா இசக்கிதுரை, கொச்சி மட்டாஞ்சேரியில் குப்பை அள்ளும் ஒரு கான்ட்ராக்டரிடம் பத்தொன்பது வருடமாகத் தற்காலிகம். அவரை நிரந்தரமாக்கச் சொல்லி எங்கள் சங்கம் மூன்று முறை வேலைநிறுத்தம் செய்தது. நோட்டீஸ்கள் பிரமாதமாக இருந்தன. இசக்கிதுரை தற்காலிகமாகவே இருந்தார்.

காமாக்ஷி மலையாளத்தில் படித்து, வீட்டில் தமிழ் பேசி, ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியவள். வைட்டிலாவில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அதுவும் தற்காலிகம்தான், ஆனால் ஏ.சி. உண்டு.

வெளிநாட்டுக் கல்லூரிகள் இணையத்தில் பாடம் நடத்தும். மாணவர்கள் அனுப்பும் கட்டுரைகளை இந்தக் கம்பெனி ஒரு மென்பொருளில் போடும். அது இணையத்தோடும், முன்பு வந்த கட்டுரைகளோடும் ஒப்பிட்டு, ஒத்துப்போகும் வரிகளைச் சிவப்பாக்கி, மேலே ஒரு சதவீதம் போடும். இருபதைத் தாண்டினால் திருட்டு. மென்பொருள் பொய் சொல்லாது, யோசிக்கவும் செய்யாது. கேள்வியைத் திரும்ப எழுதியவனும் அதற்குத் திருடன்தான். உட்கார்ந்து படித்து, அப்பாவிகளை விடுவிக்கத்தான் எட்டுப் பேரை வேலைக்கு வைத்திருந்தார்கள். காமாக்ஷி அப்படி நிறையப் பேரை விடுவித்தவள்.

மூன்றாம் வருடம் கம்பெனிக்கு ஓர் ஆசை வந்தது. எட்டுப் பேரும் இணையத்தில் ஒரு படிப்பு முடிக்க வேண்டும், கடைசியில் ஒரு கட்டுரை தர வேண்டும். தலைப்பு, எழுத்தில் நேர்மை. தேறியவர்கள் நிரந்தரம். அந்த வீட்டில் இதுவரை யாருக்கும் கிடைக்காத வார்த்தை அது.

மற்ற ஏழு பேரும் காமாக்ஷியின் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். அடுத்தவன் எழுதியதைச் சிவப்பாகப் பார்த்தே பழகியவர்கள், சொந்தமாக ஒரு பக்கம் எழுதியதில்லை.

"சேச்சி, எப்படியாவது ரட்சிக்கணும். இல்லேங்கில் நம்ம கதை கழிஞ்சு" என்றான் ஷிபு.

"ஒரே கட்டுரைய எட்டுப் பேரும் குடுத்தா மெஷின் பிடிச்சிரும்லா. நான் எழுதினதுல முன்னுரை போக ஏழு பத்தி இருக்கு. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிடுங்க. மிச்சத்த நீங்களே எழுதுங்க, நான் திருத்தித் தாரேன்."

சங்கக்காரன் வீட்டுப் பெண். பங்கு போடத் தெரிந்த அளவுக்குப் பிழைக்கத் தெரியாது.

ஏழு கட்டுரைகளையும் திருத்தி அனுப்ப வைத்துவிட்டுத் தன்னுடையதைக் கடைசியாக அனுப்பினாள். முதலில் வந்தவன்தான் சொந்தக்காரன் என்பது மென்பொருளின் சட்டம். அவளுடைய ஏழு பத்திக்கும் ஏழு சொந்தக்காரர்கள் கிடைத்தார்கள். முன்னுரை மட்டும் அவளுடையதாக மிஞ்சியது; மீதி தொண்ணூற்றிரண்டு சதவீதமும் சிவப்பு.

மேனேஜர் பிரதீஷ் கூப்பிட்டார்.

"எந்தா காமாக்ஷி இது? ஏழு பேர்ல ஒருத்தனைக்கூட விட்டில்லல்லோ."

"எழுதினது நான் சார். அவங்களுக்குக் குடுத்ததும் நான்தான்."

"ரிப்போர்ட்ல அப்படி இல்லல்லோ."

"ரிப்போர்ட்ட நம்பாம படிச்சுப் பாக்கத்தான சார் எனக்குச் சம்பளம் தாரீங்க. இத ஒரு தடவ படிங்க."

"எனக்கு எவிடே நேரம்?"

ஏழு பேரையும் கூப்பிட்டுக் கேட்டார். ஷிபு மின்விசிறியைப் பார்த்தான். அம்பிளி நகத்தைப் பார்த்தாள். "அறியில்ல சாரே" என்றார்கள், ஏழு பேரும் அதே வார்த்தையில். அதை எந்த மென்பொருளும் சிவப்பாக்கவில்லை.

அவர்கள் நிரந்தரமானார்கள். காமாக்ஷிக்கு வேலைநீக்கக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது.

சேதி கேட்டு நான் போனபோது இசக்கிதுரை சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீரா தோழரே. உம்ம சங்கம் பத்தொம்பது வருசமா ஒருத்தன பெர்மனென்ட் ஆக்க முடியல. எம்மவ ஒரே கட்டுரைல ஏழு பேர ஆக்கிட்டா."

கம்பெனி வாசலில் ஒரு நோட்டீஸ் போடலாம் என்று காமாக்ஷியிடம் சொன்னேன்.

"வேண்டாம் மாமா. உங்க நோட்டீஸ மெஷின்ல போட்டா தேதியத் தவிர எல்லாம் சிவப்பாத்தான் வரும்."

பிறகு என்ன நினைத்தாளோ, "வாங்க, ஒண்ணு காட்டுதேன்" என்று படகுத்துறைப் பக்கம் இருந்த இன்டர்நெட் கடைக்குக் கூட்டிப்போனாள். அவளை நீக்கிய கம்பெனிக்கு அவளுடைய பாஸ்வேர்டை நீக்கத் தோன்றவில்லை. பிறர் எழுத்தைத் தன்னுடையதாகக் காட்டுவதை நிறுவனம் ஒருபோதும் பொறுத்துக்கொள்ளாது என்று பிரதீஷ் கையெழுத்திட்ட அந்தக் கடிதத்தை எடுத்து மென்பொருளில் போட்டாள்.

வரி வரியாகச் சிவந்தது. எங்கோ ஓர் இணையதளத்தில் மாதிரிக்கு வைத்திருந்த வேலைநீக்கக் கடிதம். மேனேஜர் சொந்தமாக எழுதியது அவள் பெயரும் தேதியும்தான்.

தொண்ணூற்றெட்டு சதவீதம்.