ஜாவாவிலிருந்து வந்த இரண்டு சொற்கள்

காலை பத்து இருபதுக்கு, லண்டன் ரெய்னர்ஸ் லேன் வீட்டில் நான் பேசிக்கொண்டிருந்தபோதே மகளின் அழைப்பு அறுந்தது. ஜாவாவில் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் தங்கி, வயல்களுக்கு நீர் பங்கிடும் முறையை ஆராய்கிறாள். அங்கே கடும் மழை. அவளுக்கு அறை கொடுத்த பெண்ணிடம், "என்ன நடந்தது?" என்று மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதிக் கேட்டேன். "மாத்தி செமுவா" என்று பதில் வந்தது. "எல்லாம் இறந்துவிட்டன" என்றது செயலி. பிறகு அவருடைய தொலைபேசியும் கிடைக்கவில்லை.

மழை வலுத்தால் யாரும் கூப்பிடாமலே ஊர் முழுவதும் மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு இறங்கும் என்று மகள் வியந்து சொல்லியிருந்தாள். அவளும் போயிருப்பாள், மண் சரிந்திருக்கும் என்றே நினைத்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து அவள் அழைத்தாள். லண்டனில் ஒரு தாய் பயந்திருப்பாள் என்று அந்தப் பெண்ணும் அயலவர் நால்வரும் அவளைக் கூட்டிக்கொண்டு, வரப்பு வழியே சிக்னல் உள்ள பக்கத்து ஊருக்கு நடந்திருந்தார்கள். எல்லோருக்கும் முழங்கால்வரை சேறு.

"அம்மா, செத்தது கரண்ட், அதோட போன் டவரும்! இங்க கரண்ட் போனாலும் மாத்தி எண்டுதான் சொல்லுவினம். நான் சாகேல்லை, அழாதேங்கோ."