அல்லிக்குளத்தில் ஊற்றிய மண்ணெண்ணெய்

இன்று அடுப்படியில் மண்ணெண்ணெய் சிந்தியதும், அந்த வாடையில் எனக்குச் சின்ன வயது ஞாபகம் வந்தது. ஜீயபுரத்தில் எங்கள் வாழைத்தோட்டத்தை ஒட்டி, தவளைச் சத்தமும் மீன்கொத்தி பாயும் ஓசையும் இலைமேல் நடக்கும் தாமரைக்கோழியுமாகக் கிடந்த அல்லிக்குளத்தில், கொசுவை ஒழிக்க வந்த சுகாதார அதிகாரி மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார்.

"மீனெல்லாம் செத்துட்டா கொசுப்புழுவை யாருங்க தின்பாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"மீனா முக்கியம்? உங்க குழந்தைங்க உயிர் முக்கியமில்லையா?" என்றார்.

ஊற்றிய மறுநாளே மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன, தவளைகள் அடங்கின, பறவைகள் வரவில்லை. மழை பெய்து எண்ணெய் கலைந்ததும் கொசு மட்டும் முன்னைவிட அதிகமாக மொய்த்தது. அந்தக் கொசு பரப்பிய குளிர்காய்ச்சலில் என் தம்பி போனான்.

அதிகாரி மறுபடியும் டின்களோடு வந்தார். வாய்க்காலில் பிடித்த மீன்குஞ்சுகள் நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்தபடி, அம்மா வரப்பில் குறுக்கே நின்றாள், நகரவில்லை.