சட்டை சொன்ன நிறம்

கடையில் அவனை ‘மீட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள்; வாடிக்கையாளர்களுக்கும் அதே பெயர்தான் பழக்கம். வீட்டுக்குள்ளேயே தியேட்டர் வைத்துக்கொள்கிறவர்களின் புரொஜெக்டரில் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளந்து சரிசெய்வது அவன் வேலை. குடும்பத்தில் முதல் பட்டதாரி. “படம் தெரியுதா இல்லையான்னு பாக்கறதுக்கா அத்தன வருஷம் படிச்ச?” என்று அம்மா ஒருமுறை போனில் கேட்டாள். பகலெல்லாம் பிறர் வீட்டு இருட்டறைகளில் கழியும். அவன் சரிசெய்த திரை முன்னால் அந்த வீட்டார் கூடி உட்காரும்போது அவன் பஸ்ஸில் ஜன்னலோரம் இருப்பான்.

தையற்கார அம்மா ஒருவரின் வீட்டுக்கு அவன் போவது அது இரண்டாவது தடவை. வெளியூரிலிருக்கும் மகன் வாங்கி அனுப்பிய புரொஜெக்டர். போன வாரம்தான் எல்லாம் கச்சிதம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். நிறம் தப்பாக இருக்கிறதென்று மறுபடி கூப்பிட்டிருந்தார்.

திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, அளக்கும் கருவியைத் திரைக்கு எதிரே நிறுத்திப் பார்த்தான். எண்கள் இம்மியும் பிசகவில்லை.

“மெஷின் சரியாத்தாம்மா இருக்கு.”

“மெஷின் கெடக்கட்டும். இதப் பாரு.”

இறந்துபோன கணவரின் பழைய வீடியோ. ட்யூப்லைட் எரியும் அறையில், புகைநீலச் சட்டையில், கேமராவைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தார். முகத்தில் பச்சை ஓடியிருந்தது.

“எடுக்கும்போதே நிறம் மாறிடுச்சும்மா. நீங்க அவர் நிறத்தச் சொன்னா அதுக்கேத்த மாதிரி வெக்கறேன்.”

“சொல்லத் தெரிஞ்சா உன்ன எதுக்குப்பா கூப்பிடறேன்? டிவியில செவப்பா இருக்காரு, போன்ல வெளுப்பா இருக்காரு, இங்க பச்சை. கண்ண மூடினா ஒண்ணும் வரமாட்டேங்குது. எது அவருன்னு எனக்கே மறந்துக்கிட்டே வருது.”

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு, “அந்தச் சட்டை இருக்கா?” என்றான்.

“சட்டை இல்ல. வெட்டினதுல மிஞ்சின துண்டு இருக்கும். நான் தச்சதுதானே.”

தையல் டப்பாவுக்குள், வெயில் படாமல் மடிந்து கிடந்தது துண்டு. அறையின் மஞ்சள் பல்பைப் போட்டு அவன் அதைத் தூக்கிப் பிடித்ததும் அந்த அம்மா வெடுக்கென்று பிடுங்கினார்.

“துணிய பகல் வெளிச்சத்துல பாக்காம பல்புல பாக்கறவன் எங்க கடையில அரை நாள் தாங்கமாட்டான். பெரிய மீட்டராம்!”

அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. நிறம் பார்ப்பதே பிழைப்பு. செய்த காரியம் இது.

அந்த வீடியோவுக்கென்று தனியாக ஒரு செட்டிங் திறந்தான். அம்மா அடுத்த அறை ஜன்னலில் துண்டை உற்றுப் பார்ப்பார். அந்த நிறத்தைக் கண்ணிலேயே ஏந்திக்கொண்டு இருட்டுக்குள் வருவார்.

“பச்சைய இன்னும் கொற.”

மறுபடி ஜன்னல். மறுபடி திரை.

“நீலத்த ஒரு நூல் ஏத்து. ஐயோ, அவ்வளவு இல்ல!”

பத்துப் பன்னிரண்டு நடை. கருவி எப்போதோ பெட்டிக்குள் போய்விட்டிருந்தது.

“ஆங், நிறுத்து. சட்டை இதேதான்.”

“முகம்?”

அம்மா வெகுநேரம் பார்த்தார். “தெரியலையேப்பா.”

“சட்டையும் முகமும் ஒரே வெளிச்சத்துல எடுத்ததும்மா. சட்டை சரின்னா முகமும் கிட்டத்தட்ட சரிதான்.”

“கிட்டத்தட்டவா?”

சரியேதான் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான்.

“கிட்டத்தட்டத்தாம்மா.”

அவர் நாற்காலியைத் திரைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அப்ப இதத்தான் மனசுல வெச்சுக்கணும்” என்றார், அவனிடம் இல்லை.

“நான் வரட்டுமாம்மா?” என்று அவன் கேட்டது அவர் காதில் விழவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு படியிறங்கினான்.