செல்லாயி சோதித்த இரண்டு நிரல்கள்

சுங்கை சிப்புட்டுக்கு அப்பால், ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்த செல்லாயி, ஈப்போவில் லோரி உதிரிப்பாகங்கள் விற்கும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தது எண்பத்தைந்தாம் ஆண்டில். ஈயச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு, வேலையிழந்தவர்கள் கோப்பிக் கடைகளில் பகலெல்லாம் உட்கார்ந்திருந்த காலம் அது. அந்தக் காலத்தில் குளிர்சாதன அறையில் கணினிக்கு முன் ஒரு நாற்காலி கிடைத்ததே பெரிது என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள். நியமனக் கடிதத்தில் ‘தற்காலிகம்’ என்று இருந்ததை அவள் பொருட்படுத்தவில்லை. ஆண்டுதோறும் அதே கடிதம் அதே சொல்லோடு வந்தபோதுதான் அது உறுத்தத் தொடங்கியது.

உறுத்தியதற்குக் காரணம் உண்டு. தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டு, அடுத்து லயங்களை இடிக்கக் காத்திருந்தார்கள். பிறந்தது முதல் அங்கேயே கிடந்த அவளுடைய தகப்பன் பத்துமலைக்கும் தாய்க்கும் போக்கிடம் இல்லை. ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில், வீரம்மா என்பவருக்கு ஒரு வரிசை வீடு இருந்தது. செல்லாயி போய் வாடகைக்குக் கேட்டாள்.

“குடுக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா,” என்றார் வீரம்மா. “ஆனா வருஷா வருஷம் வேலை இருக்குமோ போகுமோன்னு இருக்கறவங்கள நம்பி எப்பிடிலா விடறது? நிரந்தரம்னு ஒரு காகிதம் கொண்டா, அன்னிக்கே சாவிய வாங்கிக்க. அதுவரைக்கும் யாருக்கும் விட மாட்டேன்.”

ஆகவே, அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு காகிதம்தான்.

அவளுடைய வேலை சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அப்படியன்று. கோலாலம்பூர்த் தலைமை அலுவலகக் கணினியிலிருந்து அன்றைய விலையும் இருப்பும் அடங்கிய பட்டியலை, பிற்பகல்தோறும் தொலைபேசிக் கம்பி வழியாக ஈப்போவுக்கு இறக்க வேண்டும். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால், கணினியைத் தொலைபேசியோடு இணைக்கும் மோடம் கிறீச்சிட்டு மறுமுனையைப் பிடிக்கும். வழியில் கம்பி அறுந்தால், வந்தவரை வந்ததெல்லாம் வீண். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஐந்து மணிக்குத் தலைமை அலுவலகம் தன் கணினியை மூடிவிடும். பட்டியல் வராமல் லோரி புறப்படாது. லோரி ஓட்டுநர் சீனி, சுங்கை சிப்புட், செமோர்ப் பட்டறைகளுக்கான சாமான்களை ஏற்றிவிட்டு, அவளுடைய அறை வாசலில் நின்று நச்சரிப்பார்.

எண்பத்தெட்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் தலைமை அலுவலகம், பட்டியலை விரைவாக இறக்கக்கூடிய இரண்டு கணினி நிரல்களை அனுப்பி வைத்தது. ஒரு டிஸ்கெட்டில் சிவப்பு ஒட்டு, மற்றதில் நீல ஒட்டு. வடக்குக் கிளைகள் அனைத்துக்கும் எது ஏற்றது என்பதை ஈப்போ சோதித்துச் சொல்ல வேண்டும். தலைமை எழுத்தர் கார்த்திகேசு அந்தப் பொறுப்பைச் செல்லாயியிடம் கொடுத்தார். அவர் ஆங்கிலப் பள்ளியில் படித்த, நகரத்துக் குடும்பத்தவர். தோட்டத்து வழக்கம் விடாத ஓட்டுநர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை, தோட்டத்துத் தலைமைக் கணக்கரைச் சொல்வதுபோல், ‘பெரிய கிராணி’ என்பார்கள்.

“ஒழுங்கா செஞ்சு குடு, செல்லாயி. இந்த அறிக்கையோட சேர்த்தே உன் வேலைய நிரந்தரமாக்கச் சொல்லி எழுதறேன். அது நல்லா இருந்தா இதுவும் நடக்கும்.”

அவள் அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டாள்.

சிவப்பு நிரலின் போக்கே தனி. பட்டியலை இரண்டாகப் பிளந்து, அலுவலகத்தின் இரண்டு தொலைபேசிகளிலும் ஒரே சமயத்தில் இழுக்கும். இரண்டு பாதிகளும் வந்தபின் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒரு கம்பி இடறினாலும் இரண்டு பாதிகளும் போய்விடும். நீல நிரலுக்கு ஒரு கம்பி போதும். பட்டியலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டும் பழுதின்றி வந்ததா என்று கேட்டுக் கேட்டு வாங்கும். அறுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த விசாரணைக்கே அதன் பொழுதில் பாதி கழிந்துவிடும்.

அந்த அலுவலகத்தில் எழுதாத விதி ஒன்று இருந்தது. தீபாவளிக்குச் சீன ஊழியர்கள் வேலை பார்ப்பார்கள். சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்குத் தமிழர்கள் காவல் காப்பார்கள். பெருநாள் வாரத்தில் செல்லாயி, சீனி இருவரைத் தவிர அங்கே ஆளில்லை. கணினிக்கும் வேறு வேலையில்லை. சோதனைக்கு இதைவிட நல்ல பொழுது வாய்க்காது என்று விடுமுறையில் போகுமுன் கார்த்திகேசு சொல்லியிருந்தார். அவளுக்கும் அப்படியே பட்டது.

முதலாளி வைத்துவிட்டுப் போன ஒரஞ்சுப் பானப் போத்தலோடு சீனி வந்து நின்றார்.

“என்னா தங்கச்சி, ரெண்டு போனையும் கட்டிப்புட்ட? என் பொண்டாட்டி கூப்பிட்டா எப்பிடிலா பேசறது?”

“அண்ணி கூப்பிட்டு என்னிக்குண்ணே நல்ல சேதி சொல்லியிருக்காங்க? நான் உங்களக் காப்பாத்துறேன்.”

“அதுவும் சரிதான். எது ஜெயிக்குது?”

“சிவப்புதான் பறக்குது. நீலம் ஊருது.”

“அப்ப சிவப்பு கோலாலம்பூர் எக்ஸ்பிரஸ். நீலம் நம்ம செமோர் பஸ்ஸு. கைய காட்டுன எடத்துலல்லாம் நிக்கும்.”

இருவரும் சிரித்தார்கள். கட்டளையின் கடைசியில் சேர்க்கும் எழுத்துகளை மாற்றி, துண்டுகளைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் அவள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். எப்படி ஓட்டினாலும் சிவப்பே வென்றது, ஒருமுறைகூட இடறவில்லை. கடைகள் அடைத்துக் கிடந்தன. பட்டறைகள் உறங்கின. தொலைபேசியே அடிக்காத ஊரில் அவள் தொலைபேசிக் கம்பியைச் சோதித்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கும் தோன்றவில்லை, கார்த்திகேசுவுக்கும் தோன்றவில்லை. சிவப்பே சிறந்தது என்று அறிக்கை போயிற்று. வடக்குக் கிளைகளெல்லாம் அதையே ஓட்டும்படி உத்தரவும் வந்தது.

பெருநாள் முடிந்து ஊர் விழித்தது. முதல் நாள் பிற்பகலில் அவள் சிவப்பை ஓட்டினாள். பட்டறைக்காரர்கள் கூப்பிட்டுப் பார்த்து, இரண்டு எண்களும் கிடைக்காமல் எரிச்சலடைந்தார்கள். கிடங்கில் அதே கம்பியின் இணைப்புத் தொலைபேசி ஒன்று உண்டு. கிடங்குக்காரர் ஜோன் அதை எடுத்து, மோடத்தின் கிறீச்சொலிக்குள் “ஹலோ, ஹலோ” என்றார். பட்டியல் அறுந்தது. மறுபடி தொடங்கினாள். மழை பிடித்தது, கம்பி இரைந்தது, மறுபடி அறுந்தது. ஐந்து மணி ஆகிவிட்டது. வேறு வழியின்றி, சீனி முந்தைய நாள் பட்டியலோடு புறப்பட்டார். மறுநாள், சுங்கை சிப்புட் பட்டறை முதலாளி பழைய விலையில் பாதிச் சாமானை வாங்கிக்கொண்டு, இல்லாத சாமானுக்காகச் சண்டையும் பிடித்தார் என்ற செய்தி வந்தது. வடக்குக் கிளைகள் எல்லாவற்றிலும் அந்த வாரம் இதே கதைதான்.

கார்த்திகேசு அவளை அழைத்தார்.

“எப்படிச் சோதிச்சே நீ?”

“லீவுல சார். நீங்கதான் அப்ப செய்யச் சொன்னீங்க.”

“லீவுல செய்யச் சொன்னேன். லீவுக்கா செய்யச் சொன்னேன்?” கையிலிருந்த கோப்பை மூடினார். “தோட்டத்துல ரப்பர்ப் பால நிறுக்குற மாதிரி நெனச்சுக்கிட்டியா, கண்ணுக்குப் பட்டத எழுதிட்டுப் போறதுக்கு?”

அந்த வார்த்தை அவளைச் சுட்டது. ஆனால் பிழை தன்னுடையதும்தான் என்பதை அவள் அறிவாள். மறுசோதனைக்கு அனுமதி கேட்டாள், அவர் தலையசைத்தார்.

இம்முறை அவள் யாரையும் எச்சரிக்கவில்லை. ஜோன் எடுக்கும்போது எடுக்கட்டும், மழை பெய்யும்போது பெய்யட்டும் என்று வேலை நாள்களிலேயே இரண்டையும் ஓட்டினாள். சிவப்பு பறந்து பறந்து விழுந்தது. நீலம் நின்று நின்று வந்து சேர்ந்தது. அதோடு அவள் நிற்கவில்லை. கம்பி அறுந்தால் நீலம் தானாகவே மறுபடி எண்ணைச் சுழற்றி, விட்ட துண்டிலிருந்து தொடரும்படி, தானே சில கட்டளை வரிகளை எழுதிச் சேர்த்தாள். ஒரு பிற்பகல் கட்டளையைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது பட்டியல் முழுதாக வந்து காத்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவள் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

புதிய அறிக்கையை நீலத்துக்குச் சாதகமாக எழுதினாள். முதல் அறிக்கையின் களங்கம் கழிய வேண்டுமென்று, கடைசியில் ஒரு வரியும் சேர்த்தாள்: இந்த நிரல் ஓடும்போது அருகில் ஆள் இருக்க வேண்டியதில்லை.

கார்த்திகேசு படித்துக்கொண்டே வந்து அங்கே நிறுத்தினார்.

“இந்தக் கடைசி வரி அவசியமா?”

“உண்மைதானே சார். கோலாலம்பூர்ல பிடிக்கும்.”

“பிடிக்கும்,” என்றார் அவர். “ரொம்பவே பிடிக்கும்.” பிறகு கையொப்பமிட்டார்.

பதில் விரைவில் வந்தது. ஈப்போக் கிளைக்குப் பாராட்டு. நீல நிரலை அவள் எழுதிய வரிகளோடு எல்லாக் கிளைகளிலும் ஓட்ட வேண்டும். அருகில் ஆள் தேவையில்லை என்பதால், பட்டியல் இறக்கும் தற்காலிகப் பணியிடங்கள் மாத இறுதியோடு நீக்கப்படும். தைப்பிங், அலோர் ஸ்டார் கிளைகளிலும் அவளைப் போலவே ஒவ்வொரு பெண் இருந்தாள். தன் வேலையோடு, முகம் அறியாத அந்த இருவரின் வேலையும் அவளுடைய அந்த ஒரு வரியால் போயிற்று.

“அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா சார்?”

கார்த்திகேசு சன்னலைப் பார்த்தார். “அவசியமான்னு கேட்டேனே.”

“கேட்டீங்க. சொல்லலியே.”

“சொல்லியிருந்தா அழிச்சிருப்பியா?”

அவள் வெளியே வந்தாள். அழித்திருப்பாள்; அதில் அவளுக்கு ஐயமே இல்லை. அழித்திருக்க மாட்டாள் என்று எண்ணி, நேர்மையானவள் என்ற பெயரை இப்போது அவர் தாராளமாகத் தந்துவிட்டார். அதை வைத்துக்கொண்டு எந்த வீட்டின் கதவைத் திறப்பது?

எஞ்சிய நாள்களில், சாப்பிடப் போகுமுன் எந்தக் கட்டளையைத் தட்ட வேண்டும் என்பதை ஜோனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவர் ஒற்றை விரலால் தட்டிப் பழகினார்.

“இவ்வளவுதானா?” என்று கேட்டார் ஜோன்.

“இவ்வளவுதாண்ணே.”

“அப்ப நீ இத்தன வருஷமா என்னாதான்லா செஞ்சிக்கிட்டு இருந்த?” அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். சீனி அவரை முறைத்தார்.

மாத இறுதியில் அவள் குனோங் ராபாட்டுக்குப் போனாள். வீரம்மா சாவியைத் தேடிக்கொண்டே வெளியே வந்தார்.

“காகிதம் கெடச்சிருச்சா?”

“மிஷினுக்குக் கெடச்சிருக்குக்கா, நிரந்தரம். எனக்கில்ல.”

வீரம்மா சாவியைத் தேடுவதை நிறுத்தினார். “ஒரு போலீஸ்காரரு கேட்டுக்கிட்டே இருக்காரு. அவருக்குச் சொல்லிரட்டுமா?”

“சொல்லிருங்கக்கா.”

லயத்தை இடிக்க வந்த அன்று, பத்துமலைக்குச் செமோரில் ஒரு பங்காளி வீட்டுப் பின்கூடத்தை ஒதுக்கிக் கொடுத்தார்கள். நடுவே ஒரு துணியைக் கட்டிக்கொண்டால் இரண்டு பேர் படுக்கலாம். செல்லாயிக்கு அங்கே இடமில்லை. பாத்திரங்களையும் கட்டிலையும் சீனிதான் கம்பெனி லோரியில், உதிரிப்பாகப் பெட்டிகளுக்கு மேலே ஏற்றிக்கொண்டு போனார். அன்றைய பட்டியல் நேரத்துக்கு வந்துவிட்டபடியால், அவருக்கு எங்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.